பந்தயக் காரில் ஒட்டிய எண்ணெய் டப்பா: அடிட்டிவ் விளம்பரங்களின் வேதியியலும் வரலாறும்

1960, 70-களின் அமெரிக்கப் பந்தயக் கார் படங்களில் ஒரு சின்னம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெரிய சிவப்பு முட்டை வடிவம், அதற்குள் வெள்ளையில் எஸ்.டி.பி. என்ற மூன்று எழுத்துகள். அது கார் கம்பெனியின் பெயர் அல்ல; டயர் கம்பெனியோ பெட்ரோல் கம்பெனியோகூட அல்ல. எஞ்சின் ஆயிலோடு கூடுதலாக ஊற்றச் சொல்லிச் சிறு டப்பாவில் ஒரு கெட்டித் திரவத்தை, அதாவது ஒரு ‘அடிட்டிவ்’ சரக்கை, விற்ற நிறுவனம் அது. அந்தக் கார்களின் நகல்களும் பொம்மைகளும் இன்றும் விற்கின்றன. பழைய டப்பாக்களையும் ஸ்டிக்கர்களையும் தேடிச் சேகரிப்பவர்கள் உண்டு. இவற்றை முதன்முறை பார்க்கும் வாசகருக்கு இயல்பாகவே ஒரு குழப்பம் வருகிறது. உலகப் புகழ்பெற்ற ஓட்டுநர்கள் தாங்கிச் சென்ற பொருள் என்றால் அது நல்ல சரக்காகத்தானே இருந்திருக்க வேண்டும்? நல்ல சரக்கு என்றால், இன்றைய கார்களின் கையேடுகள் ஏன் அதை வேண்டாம் என்கின்றன?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். இந்தத் திரவங்கள் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்த ஒரு குறையை அடைக்க வந்தவை. எண்ணெய்க் கம்பெனிகளே அந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கிய பிறகுதான் பந்தய விளம்பரம் உச்சத்துக்குப் போனது. பொருளின் தேவை இறங்க இறங்க ஸ்டிக்கரின் அளவு ஏறியது என்று சொன்னால் மிகையாகாது. இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எண்ணெய் செய்யும் இரண்டு வேலைகள்

எஞ்சினில் ஒன்றோடொன்று உரசும் உலோகப் பரப்புகள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது போதுமானது.

1. படலம் தாங்கும் இடங்கள். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் சுழலும் பேரிங்குகள் இந்த வகை. ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது எண்ணெயைத் தனக்கு அடியில் இழுத்து ஆப்பு போலச் செருகிக்கொள்கிறது. அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இங்கே முக்கியம் எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக, எவ்வளவு மெதுவாக வழிகிறது என்பது.

2. படலம் கிழியும் இடங்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் மூக்கு, அந்தத் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட்டை அழுத்தும் இடம், பிஸ்டன் ரிங் மேல் எல்லையில் ஒரு கணம் நின்று திரும்பும் இடம், நின்றிருந்த எஞ்சின் கிளம்பும் முதல் சில நொடிகள் ஆகியவை இந்த வகை. அழுத்தம் மிக அதிகமாகவோ வேகம் மிகக் குறைவாகவோ இருப்பதால் எண்ணெய் பிதுங்கி வெளியேறுகிறது. இங்கே பாகுத்தன்மை மட்டும் காப்பாற்றாது. உலோகத்தோடு வேதிவினை புரிந்து மெல்லிய கவசத்தை உண்டாக்கும் பொருள் எண்ணெயில் கலந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகைக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை ஜிங்க் டயல்கைல் டைதயோஃபாஸ்பேட் என்ற நீண்ட பெயருள்ள சேர்மம். பட்டறைகளில் இதைச் சுருக்கமாக ‘ஜிங்க்’ என்பார்கள். துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் அடங்கிய இது 1940-களில் புழக்கத்துக்கு வந்தது. பேரிங் அரிப்பைத் தடுப்பதற்கென்று கொண்டுவரப்பட்டதுதான். தேய்மானத்தைத் தடுப்பதில் அது இன்னும் கெட்டிக்காரச் சரக்கு என்பது பிறகு தெரியவந்தது. சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில் மட்டும் சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலத்தைப் படியவிடும். படலம் தேயத் தேய மறுபடி படியும்.

எனவே எஞ்சின் ஆயில் என்பது ஒற்றைப் பொருள் அல்ல. அடிப்படை எண்ணெயும் அதோடு கலந்த அடிட்டிவ்களும் சேர்ந்த கலவை. கசடைக் கழுவும் டிடர்ஜென்ட், கழுவிய கசடை மிதக்க வைத்து வடிகட்டிக்குக் கொண்டுபோகும் பொருள், சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகாமல் தடுக்கும் பாலிமர், துருத் தடுப்பான், நுரைத் தடுப்பான் என்று பட்டியல் நீளும். இந்தக் கலவையை யார் செய்வது என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது. இன்று எண்ணெய்க் கம்பெனியே செய்து தருகிறது. அன்று அந்த வேலையின் பெரும்பகுதி கார் உரிமையாளர் தலையில் விழுந்திருந்தது.

## ஒரு குறை, சில டப்பாக்கள்

1930, 40-களில் சாதாரணக் காருக்கு ஊற்றிய எண்ணெய் பெரும்பாலும் வெறும் சுத்திகரித்த பெட்ரோலிய எண்ணெய்தான். கழுவும் பொருள் கிடையாது. ஒரே தரப் பாகுத்தன்மை. குளிரில் தார் போல இறுகும், சூட்டில் தண்ணீராகும். வால்வுகள் ஒட்டிக்கொள்வதும் ரிங்குகள் கரியில் சிக்குவதும் அன்றாடத் தொல்லைகளாக இருந்தன. இந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் அடிட்டிவ் வியாபாரிகள்.

1939-ல் கலிஃபோர்னியாவில் வின்ஸ் நிறுவனம் ‘ஃப்ரிக்‌ஷன் ப்ரூஃபிங்’ என்ற பெயரில் உராய்வுத் தடுப்புத் திரவத்தை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு, நார்வேயிலிருந்து சியாட்டிலுக்குக் குடியேறியிருந்த ஓலே பார்டால் தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1954-ல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது எஸ்.டி.பி. ‘அறிவியல் முறையில் பக்குவப்படுத்திய பெட்ரோலியம்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 1961-ல் ஸ்டூட்பேக்கர்-பேக்கார்ட் கார் நிறுவனம் அதை வாங்கியது. கார் வியாபாரம் நொடித்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு இந்த டப்பா வியாபாரம்தான் தெம்பாக வந்தது என்பது வேடிக்கையான உண்மை.

எஸ்.டி.பி. டப்பாவுக்குள் இருந்தது பெரிய ரகசியம் ஒன்றும் அல்ல. பெட்ரோலிய எண்ணெயில் கரைத்த பாலிஐசோபியூட்டிலீன் என்ற பாலிமர், அதோடு மேலே சொன்ன ஜிங்க் சேர்மம். தேன் போலக் கெட்டியாக, டப்பாவைக் கவிழ்த்தாலும் அவசரமில்லாமல் இறங்கும். தேய்ந்துபோன பழைய எஞ்சினில் இதை ஊற்றினால் ஓட்டுநர் உடனே வித்தியாசத்தை உணர்வார். பேரிங் இடைவெளி அகன்றிருந்தால் கெட்டி எண்ணெய் அதை நிரப்பும். தட்டல் ஓசை அடங்கும். எண்ணெய் அழுத்தமானி முள் சற்று ஏறும். ரிங் வழியாக மேலே ஏறி எரியும் எண்ணெய் குறைவதால் நீலப் புகையும் மட்டுப்படும். ஊற்றியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இதே பலன்களைக் கெட்டியான தர எண்ணெய்க்கு மாறியும் அடைந்திருக்கலாம். தேய்ந்த உலோகம் எதுவும் திரும்ப வளர்ந்துவிடவில்லை.

டிவி விளம்பரங்களில் புகழ்பெற்ற ஸ்க்ரூடிரைவர் வித்தையை இங்கே கிட்டத்தில் பார்க்கலாம். ஸ்க்ரூடிரைவரின் தட்டையான முனையை இரண்டு விரல்களால் பிடித்துத் தொங்கவிடச் சொல்வார்கள், பிடிக்க முடியும். பிறகு முனையை எஸ்.டி.பி.-யில் முக்கிக் கொடுப்பார்கள். எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். பார்ப்பவருக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்றே தோன்றும். நடப்பது இதுதான்: கெட்டித் திரவம் இரண்டு பரப்புகளுக்கு இடையிலிருந்து பிதுங்கி வெளியேற நேரம் எடுக்கும், அது வெளியேறி முடிப்பதற்குள் எடை விரலைவிட்டு வழுக்கிவிடுகிறது. அதாவது அந்தச் சோதனை காட்டியது பாகுத்தன்மையை மட்டும். கேம் மூக்கில் விழும் அழுத்தத்துக்கு முன்னால் விரல் இறுக்கம் ஒரு பொருட்டே அல்ல. போதாக்குறைக்கு, விரலிடுக்கில் மெதுவாக நகரும் அதே குணம், குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது குறுகலான எண்ணெய் வழிகளிலும் அதை மெதுவாகவே நகர வைக்கும்.

## ஏன் பந்தயம்?

இந்தப் பொருளின் இயல்பே விளம்பரத்தை நம்பி நிற்க வைத்தது. தேய்மானத் தடுப்பு கண்ணுக்குத் தெரியாதது. பலன் இருந்தால் அது பல ஆண்டுகள் கழித்து, எதுவும் நடக்காமல் போனதில்தான் தெரியும். நடக்காத ஒன்றைக் காட்டி விற்க முடியாது. வேகம், வெப்பம், வெற்றி ஆகியவற்றைக் காட்டி விற்கலாம்.

அதற்கு, அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் 500 மைல் கார் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500 (சுருக்கமாக ‘இண்டி’) வசதியான மேடை. ஃபார்முலா 1-ல் கார்கள் நாட்டு வண்ணங்களிலேயே ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, இண்டியில் பணம் கொடுத்தவரின் பெயரைக் காருக்கே சூட்டும் வழக்கம் இருந்தது. 1950-ல் ஜானி பார்சன்ஸ் ஓட்டி வென்ற கர்ட்டிஸ் கிராஃப்ட் காரின் அதிகாரபூர்வப் பெயரே ‘வின்ஸ் ஃப்ரிக்‌ஷன் ப்ரூஃபிங்’. மழையால் 345 மைலிலேயே நிறுத்தப்பட்ட அந்தப் பந்தயம் அவ்வாண்டு முதன்முதலாக நடந்த உலக ஓட்டுநர் சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றாகவும் கணக்கிடப்பட்டது. ஆகவே, உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கிய ஆண்டிலேயே ஒரு எண்ணெய் அடிட்டிவின் பெயர் வெற்றிப் பட்டியலில் ஏறிவிட்டது. அதே வின்ஸ் பின்னாளில், குறுகிய நேர்கோட்டுத் தூரத்தில் சீறும் டிராக் பந்தயத்தின் ஓட்டுநர் டான் கார்லிட்ஸுக்குக் கைகொடுத்து, அவர் கார்களை ‘வின்ஸ் சார்ஜர்’ ஆக்கியது.

பார்டால் தரையைவிடத் தண்ணீரில் பெயர் வாங்கியது. சியாட்டில் மக்களுக்கு, நீர்ப்பரப்பின் மேல் சறுக்கி ஓடும் ஹைட்ரோபிளேன் படகுகளின் பந்தயம் உயிர். விமானங்களுக்கென்று செய்த 27 லிட்டர் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின் பொருத்திய ‘மிஸ் பார்டால்’ படகில் ரான் மஸ்ஸன் 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளும் அந்தப் பந்தயத்தின் கோல்டு கப் கோப்பையை வென்றார். 1966-ல் தலைநகர் வாஷிங்டனில் நடந்த பந்தயத்தில் உயிரிழந்தார். தரையில் பார்டாலின் முயற்சி அவ்வளவு எடுபடவில்லை. 1956-ல் ஃபெராரி எஞ்சின் பொருத்திய பார்டால் காரோடு இண்டிக்கு வந்த முன்னாள் உலகச் சாம்பியன் நீனோ ஃபரீனா தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. டிவியில் அதன் கார்ட்டூன் விளம்பரங்கள் துப்பறியும் கதை பாணியில் வந்தன; ஒட்டும் வால்வும் கரியும் கசடும் அவற்றில் வில்லன்கள். சிக்கலான வேதியியலைக் குழந்தைக்கும் புரிய வைத்த விதத்தில், இந்தத் துறையின் ஆகச் சிறந்த விளம்பரம் அதுவே எனலாம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் சுவையானது. பெட்ரோலோடு கலக்கும் ‘ரீடெக்ஸ்’ என்ற திரவத்தின் பெயரில் 1953, 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் கண்டத்தைச் சுற்றிவரும் நம்பகத்தன்மைப் போட்டிகள் நடந்தன. முதல் போட்டியே சுமார் 10,500 கிலோமீட்டர். பாதி வழி சாலையே இல்லாத புழுதிக்காடு. இங்கே ஓடியவை கடையில் வாங்கும் சாதாரணக் கார்கள். எஞ்சினும் காற்று வடிகட்டியும் அன்றாட வாழ்வில் படும் பாட்டைப் பன்மடங்காகப் பட்டன. இந்தக் கட்டுரையில் வரும் விளம்பரப் போட்டிகளிலேயே நியாயமான சோதனைக்கு நெருங்கியது இதுதான். ஆனாலும் அது நிரூபித்தது எதை? 1953-ல் கென் டப்மனும் ஜான் மார்ஷலும் வென்ற பிறகு ஆஸ்திரேலியர்கள் பேசியது அவர்கள் ஓட்டிய பெஷோ 203 காரின் உறுதியை. பெஷோ அந்நாட்டில் வேரூன்ற அந்த வெற்றி உதவியது. ரீடெக்ஸ் போட்டிக்குப் பெயர் தந்தது. நற்சான்றிதழைக் கார் வாங்கிக்கொண்டது.

## கிரானடெல்லியும் 6 டாலர் பேரிங்கும்

இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் ஆண்டி கிரானடெல்லி. 1946 முதல் சகோதரர்களோடு இண்டிக்குக் கார் கொண்டுவந்து தோற்றுக்கொண்டிருந்த இவர், 1963-ல் எஸ்.டி.பி.-யின் தலைமைக்கு வந்தார். ஸ்டிக்கர்கள் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. சிறுவர்களின் சைக்கிள்களிலும் பள்ளிப் பெட்டிகளிலும் சிவப்பு முட்டை ஏறியது. பந்தயக் குழுவினர் உடல் முழுக்க அந்த முட்டை அச்சிட்ட வெள்ளை உடையில் வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரவு உடையோ என்று தோன்றும்.

1967-ல் அவர் கொண்டுவந்த கார் இண்டியையே கலக்கியது. ஓட்டுநர் பார்னெல்லி ஜோன்ஸ் வலப்பக்கம் உட்கார, அவருக்கு இடப்பக்கத்தில் பிராட் அண்ட் விட்னி கனடாவின் விமான வகை டர்பைன் எஞ்சின். நான்கு சக்கரங்களுக்கும் விசை. மற்ற கார்கள் அலறும்போது இது சீறலோடு கடந்துபோகும். 200 சுற்றுப் பந்தயத்தில் 171 சுற்றுகள் முன்னணியில் இருந்தது. முடிய இன்னும் 3 சுற்றுகளே இருந்தபோது கியர்பாக்ஸில் ஒரு பேரிங் உடைந்தது. ஜோன்ஸ் கார் ஓய்ந்து ஒதுங்க, ஏ.ஜே. ஃபாய்ட் வென்றார். அந்தப் பேரிங்கின் விலை 6 டாலர் என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்லி வருகிறார்கள்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டர்பைனில் பிஸ்டன் இல்லை, ரிங் இல்லை, கேம் இல்லை, டாப்பெட் இல்லை. அது ஓடுவது நீர்த்த செயற்கை எண்ணெயில். எஸ்.டி.பி. டப்பா தீர்ப்பதாகச் சொன்ன எந்தக் கோளாறும் வர வழியே இல்லாத எஞ்சின் அது. எஸ்.டி.பி.-யின் பெயரை உலகறியச் செய்த கார், எஸ்.டி.பி.-யை ஊற்ற இடமே இல்லாத எஞ்சினால் ஓடியது. நின்றதும் உராய்வைத் தாங்க வேண்டிய ஒரு பேரிங்கால். விற்பனை பாதிக்கப்பட்டிருக்க வேண்டிய இடம் இது. மாறாக, வெற்றியைவிடப் பெரிய புகழ் அந்தத் தோல்வியால் கிடைத்தது.

டர்பைனின் சக்தியைக் கட்டுப்படுத்த, பந்தய நிர்வாகம் அதன் காற்று நுழைவாய்ப் பரப்பை ஏறத்தாழ 24 சதுர அங்குலத்திலிருந்து 16-ஆகக் குறைத்தது. 1968-ல் கிரானடெல்லி, பிரிட்டனின் லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மனோடு கைகோத்து, ஆப்பு வடிவ லோட்டஸ் 56 கார்களோடு திரும்பினார். பயிற்சியில் மைக் ஸ்பென்ஸ் உயிரிழந்தார். தகுதிச் சுற்றில் ஜோ லெனர்ட் மணிக்கு 171.559 மைல் வேகத்தில் முதலிடம் பிடித்தார். பந்தயத்தில் 9 சுற்றுகள் மிச்சமிருக்கையில் முன்னணியில் இருந்தபடியே எரிபொருள் பம்பின் ஷாஃப்ட் முறிந்து நின்றார். பாபி அன்சர் வென்றார். 1969-ல் டர்பைனை விட்டு, பயிற்சியில் லோட்டஸ் காரையும் இழந்து, மாற்றாக வைத்திருந்த ஹாக் காரில் மரியோ ஆண்ட்ரெட்டி வென்றபோது, கிரானடெல்லி ஓடிவந்து அவர் கன்னத்தில் கொடுத்த முத்தம் பந்தய வரலாற்றின் அழியாப் படங்களில் ஒன்றானது. அந்தக் கார் சாதாரண பிஸ்டன் எஞ்சின் கார்.

அடுத்து, அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்கார். 1972-ல் அதன் நட்சத்திர ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியோடு ஒப்பந்தம் பேசியபோது கிரானடெல்லி கார் முழுவதும் சிவப்பாக இருக்க வேண்டும் என்றார். பெட்டி குடும்பத்துக்கோ அவர்களின் வெளிர் நீலம் குலச்சின்னம் போல. இழுபறிக்குப் பின் நீலமும் ஒளிர் சிவப்பும் கலந்த அந்த வண்ணக்கூட்டு பிறந்தது. இரு தரப்பும் விட்டுக்கொடுத்துக் கிடைத்த அந்த நிறமே நாஸ்காரின் அடையாளங்களில் ஒன்றாக நிலைத்துவிட்டது. 1984 ஜூலை 4 அன்று டேட்டோனா ஓடுதளத்தில் பெட்டி பெற்ற 200-வது வெற்றியும் அதே வண்ணத்தில்தான்.

## பந்தயம் எதை நிரூபிக்காது

இனி வாசகரின் முதல் கேள்விக்கு வரலாம். வென்ற காரில் ஸ்டிக்கர் இருந்தது என்பது பொருளின் தரத்துக்குச் சான்றாகுமா? ஆகாது. காரணங்கள் இவை:

1. ஸ்டிக்கர் காரின் வெளியே இருக்கிறது. உள்ளே என்ன எண்ணெய் என்பதை எஞ்சினைக் கட்டியவர் தீர்மானிக்கிறார். வெளியே இருப்பது பணத்தின் கணக்கு மட்டும்.

2. இண்டி எஞ்சினின் ஆயுள் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர். பிறகு முழுக்கப் பிரித்து மாற்றிக் கட்டுவார்கள். சாலைக் காரின் எஞ்சின் தேய்வது குளிரில் கிளம்புவதாலும், சூடேறுமுன் நிறுத்தும் குறும்பயணங்களாலும், ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் சேரும் ஈரத்தாலும் கசடாலும். பந்தயக் கார் இவற்றில் எதையும் சந்திப்பதே இல்லை.

3. அமெரிக்கப் பந்தயங்களில், ஸ்டிக்கர் ஒட்டிய கார் வென்றால் பரிசுத் தொகை என்று உதிரிபாக நிறுவனங்கள் அறிவிப்பது வழக்கம். பெரும்பாலான கார்களில் அது ஒட்டப்பட்டிருந்தால், யார் வென்றாலும் ‘எங்கள் பொருள் வென்றது’ என்று மறுநாள் விளம்பரம் தரலாம். தோற்றவர்களின் காரிலும் அதே ஸ்டிக்கர் இருந்ததை யாரும் எண்ணுவதில்லை.

இவற்றில் இரண்டாவதுதான் அடிப்படையானது. முதலும் மூன்றாவதும் நேர்மையாகத் திருத்தப்பட்டிருந்தாலும்கூட, பந்தயம் தவறான சோதனைக்கூடமாகவே இருந்திருக்கும்.

## குறை தீர்ந்தது, வழக்குகள் வந்தன

இதற்கிடையில் எண்ணெய்க் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1950-களில் குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்ற பல்தர எண்ணெய்கள் பரவின. டப்பாவில் தனியாக விற்ற பாலிமரும் ஜிங்க்கும் எண்ணெய்க்குள்ளேயே, அளவறிந்து, எஞ்சின் சோதனையில் தேர்வு பெற்றுக் கலக்கப்பட்டன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர வரிசையில் எஸ்.ஏ. என்பது அடிட்டிவ் இல்லாத எண்ணெய், 1964-ல் எஸ்.சி., 1968-ல் எஸ்.டி., 1972-ல் எஸ்.இ. என்று தரம் ஏறிக்கொண்டே போனது. தேதிகளைக் கவனியுங்கள். டர்பைன் கார் இண்டியை உலுக்கிய 1967-ல், புதுக் கார் வாங்கியவரின் எண்ணெயில் டப்பாவின் சரக்கு ஏற்கெனவே கலந்திருந்தது. மேலும் ஊற்றினால், நிபுணர்கள் நிறுத்தி எடுத்த பாகுத்தன்மையைக் கெடுப்பதுதான் மிச்சம்.

1971 ஜூலையில், பொருட்களைச் சோதித்து எழுதும் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதையே வெளிப்படையாக எழுதியது: எஸ்.டி.பி. பயனற்ற ஒரு கெட்டிப்படுத்தி, புதுக் காரில் ஊற்றினால் உத்தரவாதத்துக்கே சிக்கல் வரலாம் என்று. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1976-ல், ஆதாரமற்ற விளம்பரம் செய்வதில்லை என்று எஸ்.டி.பி. ஒப்புக்கொள்ளும் உத்தரவைப் பெற்றது. 1978-ல், எண்ணெய்ச் செலவு குறையும் என்ற விளம்பரத்துக்கு அடிப்படையாகக் காட்டிய சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல என்ற குற்றச்சாட்டில் 7 லட்சம் டாலருக்கு உடன்பாடு கண்டது. அதில் 5 லட்சம் அபராதம். மீதி 2 லட்சம் 35 ஏடுகளில் அந்த உடன்பாட்டையே அறிவிப்பாக வெளியிட. விளம்பரத்தால் வளர்ந்த நிறுவனத்துக்கு விளம்பரத்தாலேயே தண்டனை கொடுத்தார்கள். அது போதவில்லை என்பதற்குச் சான்று, 1995-ல் அப்போதைய உரிமையாளரான ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ் அந்த 1976 உத்தரவை மீறிய குற்றச்சாட்டில் 8,88,000 டாலர் செலுத்தியது.

கெட்டித் திரவத்துக்குப் பிறகு வந்தவை இரண்டு வகை. முதலாவது, ஒட்டாத பாத்திரங்களில் பூசும் பி.டி.எஃப்.இ. தூளை எண்ணெயில் கலந்த ஸ்லிக் 50. பாத்திரத்தில் அந்தப் பூச்சு நிற்பதற்குப் பரப்பைத் தனியாகப் பக்குவப்படுத்தி உயர் வெப்பத்தில் சுட்டெடுக்க வேண்டும். எண்ணெய் வழியும் எஞ்சினுக்குள் அப்படி எதுவும் நடக்காது. திடத் துகளாக இருப்பதால் வடிகட்டியில் சிக்கும் அச்சமும் உண்டு. ஆனால் பந்தய மேடையை இதுவும் விடவில்லை. ஃபீனிக்ஸ் நகர நாஸ்கார் பந்தயம் 1993, 1994-ல் ‘ஸ்லிக் 50 500’ என்றே பெயர் தாங்கியது. அதற்கு மூன்றே ஆண்டுகளில், 1997-ல், ஆதாரமற்ற விளம்பரம் தொடர்பான ஆணையத்தின் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

இரண்டாவது வகை, குளோரின் ஏற்றிய பாரஃபின் கலந்தவை. சுழலும் வளையத்தின் மேல் ஒரு பேரிங்கை நெம்புகோலால் அழுத்தும் சிறு இயந்திரத்தை டிவியில் காட்டுவார்கள்; சாதாரண எண்ணெயில் அது கிறீச்சிட்டு நிற்கும், அடிட்டிவ் சேர்த்ததும் வழுக்கி ஓடும். கடும் அழுத்தத்தில் குளோரின் இரும்போடு சேர்ந்து எளிதில் நழுவும் படலத்தை உண்டாக்குகிறது என்பது உண்மைதான். உலோகம் வெட்டும் திரவங்களில் இது பழைய உத்தி. எஞ்சினிலோ எரிதலால் உண்டாகும் ஈரத்தோடு அதே குளோரின் அமிலமாகி பேரிங்கை அரிக்கும் அபாயம் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் வித்தையின் மோட்டார் வைத்த பதிப்பு இது.

பந்தயமும் அடிட்டிவும் எவ்வளவு பின்னிப் பிணைந்தவை என்பதற்கு ஸீமேக்ஸ் என்ற அடிட்டிவ் ஒன்றே போதும். அதன் உரிமையாளர், பல நாஸ்கார் ஓடுதளங்களையே சொந்தமாக வைத்திருந்த ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ். 2001-ல் ஆணையம் வழக்குத் தொடர்ந்தது, 2003-ல் 10 லட்சம் டாலரில் உடன்பாடு. 2008-ல் வட கரோலினாவில் அதே பெயரில் ஒரு டிராக் ஓடுதளம் திறக்கப்பட்டது.

## ஜிங்க் மட்டும் திரும்பி வந்த கதை

இவ்வளவுக்கும் பிறகு, பழைய டப்பாவின் ஒரு பாதி இன்று நியாயமான தேவையாகத் திரும்பியிருக்கிறது. 1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. எரியும் எண்ணெயிலிருந்து போகும் பாஸ்பரஸ் அதன் வினையூக்கியை மெல்ல மூடிவிடும். ஆகவே எண்ணெயில் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு வந்து, அது படிப்படியாக இறங்கி, 2004-ன் தரக்குறியீட்டில் 0.08 சதவீதமானது. பாஸ்பரஸ் குறைந்தால் ஜிங்க் சேர்மமும் குறையும். உருளும் முனையுள்ள இன்றைய வால்வு அமைப்புகளுக்கு அது போதும். தட்டை டாப்பெட் உரசும் பழைய எஞ்சின்களுக்கு, குறிப்பாகப் புதிதாகக் கட்டிப் பழக்கும் முதல் அரை மணி நேரத்தில், அது போதாமல் போகலாம். கேம் மூக்கு மழுங்கிவிடும்.

எனவே பழைய கார் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியவை:

1. எஞ்சின் தட்டை டாப்பெட் வகையா, உருளை வகையா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். உருளை வகை என்றால் கூடுதல் ஜிங்க்குக்கு வேலை இல்லை.

2. தட்டை வகை என்றால், தனி டப்பாவைவிட, பழைய எஞ்சின்களுக்கென்றே ஜிங்க் அளவு கூட்டித் தயாரித்த எண்ணெயை வாங்குவது நல்லது. கலவையின் மற்றப் பொருட்களோடு அது ஒத்துப்போகிறதா என்பதைத் தயாரித்தவரே சோதித்திருப்பார். அளவு மீறிய ஜிங்க்கும் உலோகத்தை அரிக்கக்கூடியது.

3. கன்வெர்ட்டர் உள்ள காரில் இதை ஊற்றக் கூடாது. இன்றைய கார்களின் கையேடுகள் தனி அடிட்டிவ் வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கையேடு குறிப்பிடும் தர எண்ணெயில் தேவையான அளவு ஜிங்க் ஏற்கெனவே கலந்துதான் வருகிறது.